வெளியே தாழ்ப்பாள்

சமையலறையில் யாரோ குழாயைத் திறந்தார்கள்.

அவள் பேனாவை வைத்துவிட்டுக் காதைத் தீட்டிக்கொண்டாள். வீட்டில் வேறு யாரும் இல்லை. கணவர் காலையிலேயே வேலைக்குப் போய்விட்டார். போகும்போது இந்த அறையை வெளியே தாழிட்டதும் அவர்தான். அவள் கெஞ்சிக் கேட்டதால். வாரப் பத்திரிகையில் அவள் எழுதும் திகில் தொடர் பாதியில் நின்றிருந்தது. மண்டையைக் குடைந்து பார்த்தும் ஒரு வரிகூடப் பிறக்கவில்லை.

"பூட்டி வெச்சா கதை வந்துடுமா?" என்று சிரித்தார் அவர்.

"வெளிய போக வழி இருந்தா நான் உட்கார மாட்டேங்க. போனையும் எடுத்துட்டுப் போயிடுங்க."

குழாய் நின்றது. எண்ணெய் காய்ந்து வெங்காயம் வதங்கும் மணம் கதவின் அடியிடுக்கு வழியாக மெல்ல உள்ளே ஊர்ந்து வந்தது. கூடவே, இடது காலைக் கொஞ்சம் இழுத்து இழுத்து நடக்கிற செருப்புச் சத்தமும், தொண்டையைச் செருமிக்கொண்டு ஒரு பாட்டை முணுமுணுக்கிற குரலும். கணுக்கால் பிசகியதிலிருந்து அவள் நடப்பதும் அப்படித்தான். அந்தச் செருமலும் அவளுடையதுதான்.

கத்தியிருக்க வேண்டும். ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு தெருவையே கூட்டியிருக்கலாம். ஆனால் அந்தப் பயத்திலும், வெட்கமில்லாமல் ஒரு சந்தோஷம் பொங்கியது. கதை கிடைத்துவிட்டது!

கேட்டதையெல்லாம் எழுதினாள். வெளிச்சம் மங்கும்வரை தலை நிமிரவில்லை.

வாசல் கதவு திறந்தது. கணவரின் குரல்.

"அட, எப்படி வெளிய வந்தே?"

"நீங்க எங்க ஒழுங்கா தாழ் போட்டீங்க?" அவள் குரல். அவள் வாயிலிருந்து வராத அவள் குரல். "கதை முடிஞ்சாச்சு. கை கழுவிட்டு வாங்க, சாப்பிடலாம்."

அவள் பாய்ந்து கதவை அறைந்தாள். "என்னங்க! நான் இங்க இருக்கேன்! அது நான் இல்ல!"

"உள்ள என்ன சத்தம்?"

"எலி. திறந்துடாதீங்க, வீடெல்லாம் ஓடும்."

"பாவம், மனுஷங்க கத்துற மாதிரியே இருக்கு."

காலடிகள் விலகின. தட்டுகள் வைக்கும் சத்தம். சிரிப்பு. அவள் கத்தினாள். மறுபடியும் கத்தினாள். தொண்டை கட்டியது. கடைசியில் காற்றுதான் வந்தது.

பிறகு அந்தச் செருப்பு. இழுத்து இழுத்து. கதவருகில் நின்றது.

அடியிடுக்கில் நான்கு விரல்கள் நுழைந்தன. ஒன்றில் அவள் மோதிரம். அவள் தன் கையைப் பார்த்தாள். மோதிரம் இருந்த இடத்தில் வெளுத்த தடம் மட்டும்.

தரையில் சிதறிக் கிடந்த தாள்களை விரல்கள் தடவித் தடவி, ஒவ்வொன்றாக வெளியே இழுத்துக்கொண்டன. வெளியே தாள் புரளும் ஓசை. நிதானமாக. கடைசிப் பக்கம் வரை.

"நல்லா வந்திருக்கு," என்றது அவள் குரல், கதவோடு வாயை ஒட்டிவைத்து. "அடுத்த வாரத்துக்கும் யோசிச்சு வை."

இடுக்கு வழியே ஒரு வெற்றுத் தாள் உள்ளே வந்தது. இன்னொன்று. அப்புறம் இன்னொன்று. வந்துகொண்டே இருந்தன.