பதினேழு கோழிகளும் ஒரு பழியும்

கிண்ணியாவிலிருந்து பஸ் ஏறி வந்த சித்தி பரீதா என்ற பெண், மிருக வைத்தியர் நிரோஜினியின் அலுவலக வாசலில் நின்றபோது காலை ஒன்பது மணிகூட ஆகவில்லை. கையில் ஒரு மீன் பெட்டி. பெட்டிக்குள் ஒரு கோழி தும்மிக்கொண்டிருந்தது.

"பெட்டியை வெளியிலேயே வையுங்கோ. கையைக் கழுவிப்போட்டு உள்ளுக்கு வாங்கோ," என்றார் நிரோஜினி.

பரீதா கையைக் கழுவினார். ஆனால் கதிரையில் உட்காரவில்லை.

"இண்டைக்கு அஸர் தொழுகைக்குப் பிறகு என்ட பதினேழு கோழியையும் புடிச்சி எரிக்கப் போறாங்களாம், டொக்டர். ஒழுங்கைக் கமிட்டிர முடிவாம். என்ட கூட்டுல இருந்துதான் வருத்தம் பரவினதாம். ஆர் கண்ட எண்டு கேட்டன், ஒருத்தருக்கும் வாய் இல்ல. எரிக்கிறதெண்டா என்னையும் சேர்த்து எரிக்கட்டும்!"

வாசலில் ஓட்டோவைத் துடைத்துக்கொண்டிருந்த முனாப், துணியைத் தோளில் போட்டுக்கொண்டு உள்ளே வந்துவிட்டார். பதினொரு வருடமாக டொக்டரை ஊர் ஊராக ஏற்றித் திரிகிறவர் அவர். ஆடுமாடுகளின் நோய் வருத்தங்களில் பாதியைக் கண்டுபிடித்தது தான்தான் என்று மனைவியிடம் சொல்லி வைத்திருக்கிறார். மனைவி இன்னும் நம்பவில்லை.

நிரோஜினி கையுறை போட்டுக் கோழியைத் தூக்கிப் பார்த்தார். முகம் ஒரு பக்கம் வீங்கிக் கண் மூடியிருந்தது. மூக்கிலிருந்து வடிந்த நீர் அழுகல் நாற்றம் நாறியது. முனாப் இரண்டடி பின்வாங்கினார்.

"எப்ப தொடங்கினது?"

"ஞாயித்துக்கிழமை பின்னேரம். அடுத்த நாள் விடியக்குள்ள இன்னும் நாலு வீட்டுக் கோழி."

"செத்தது எத்தனை?"

"ஒண்டுமில்ல."

"பறவைக் காய்ச்சல் எண்டால் இந்த மூண்டு நாளில கூடு காலியாகியிருக்கும். இது கொரைசா மாதிரிக் கிடக்கு. கோழிக்கு வாற கெட்ட சளித் தடிமன். சாம்பிள் அனுப்பிப் பாப்பம். முனாப், ஓட்டோவை எடுங்கோ."

பரீதாவுக்கு மூன்று பெண்பிள்ளைகள். இரண்டு பேரை முட்டை விற்றே படிக்க வைத்துவிட்டார். மூன்றாமவள் இன்னும் பள்ளிக்கூடம் போகிறாள். பழி ஓரிடம் பாவம் ஓரிடம் என்பார்கள். இங்கே பழி விழுந்த இடத்தில்தான் அந்த வீட்டு அடுப்பே எரிந்துகொண்டிருந்தது. கிண்ணியாப் பாலம் தாண்டும்வரை முனாப்புக்கு அந்த நினைப்பே மனதை அரித்தது.

பரீதாவின் ஒழுங்கை ஒரு சின்னச் சந்து; பன்னிரண்டு வீடு. பன்னிரண்டிலும் கோழி வளர்த்தவர்கள்தான். வருத்தம் வந்த வீடு ஐந்து. நிரோஜினி ஒவ்வொரு வாசலிலும் சப்பாத்தை மருந்துத் தண்ணீரில் முக்கி எடுத்துத்தான் உள்ளே போனார். முனாப்புக்கும் அதே சட்டம்.

பரீதா வீட்டுக்கு அடுத்த வளவு ஜெஸ்மின் டீச்சருடையது. நடுவில் ஒரு கம்பி வேலி மட்டும். ஆனால் டீச்சரின் ஒன்பது கோழிகளும் கொழுகொழுவென்று மண்ணைக் கிளறிக்கொண்டிருந்தன.

முனாப் டொக்டரின் காதுக்குக் கிட்டப் போனார். "டீச்சரிட்ட ஏதோ மருந்து இருக்கு. ஒளிச்சி வெச்சிருக்கா."

டீச்சர் சிரித்துவிட்டார். "மருந்தா? நான் இதுகள முட்டைக்கு மட்டும்தான் வளக்கிற. வளத்த கையால அறுக்கக் குடுக்க எனக்கு ஏலாது. கிழடாகிச் செத்தா மண்ணுக்குள்ள தாட்டுருவன்."

கமிட்டித் தலைவர் ஸஹாப்தீன் ஹாஜியார் தன் வளவை அவராகவே திறந்து காட்டினார். "ஆறு மாசமா என்ட வீட்டுல கோழியே இல்ல, டொக்டர். அதாலதான் நான் பக்கம் சாயாமப் பேசுற." அவருடைய கோழிக்கூடு வெள்ளை வெளேரென்று பளிச்சிட்டது. அதில் சாய்ந்து நின்ற முனாப்பின் சேட்டில் சுண்ணாம்பு அப்பிக்கொண்டது. தட்டத் தட்ட அது இன்னும் பரவியது. நிரோஜினி அந்தச் சேட்டையே சற்று நேரம் பார்த்தார்.

திரும்பவும் பரீதா வீட்டுக்கு வந்தார்கள். "போன கிழமை இந்தக் கூட்டுக்குக் கிட்ட ஆர் ஆர் வந்தது?"

"ஒருத்தரும் வரல்ல. வெள்ளிக்கிழமை காலையில அபூதாஹிர் நானா மட்டும் வந்தார், சாவல் அறுக்க. அவர் வெள்ளிக்கு வெள்ளி கூப்பிடுற வீட்டுக்கெல்லாம் போவார். நல்ல மனிசன். கோழிர தாகம் தீராமக் கத்தி வெக்க மாட்டார். தண்ணி குடுக்க அவர்ட கையோட ஒரு கோப்பை இருக்கும்."

"மிச்சத் தண்ணியை என்ன செய்வார்?"

"தண்ணிய வீணாக்கப் படாது எண்டு மத்தக் கோழியள்ர சட்டியில ஊத்திருவார்."

நிரோஜினி தலையாட்டினார். "அவரைக் கூட்டிக்கொண்டு வாங்கோ, முனாப்."

அஸர் முடிந்ததும் ஒழுங்கை முனையில் கூட்டம் கூடிவிட்டது. சாக்கு வந்தது, மண்ணெண்ணெய்க் கலனும் வந்தது. பரீதா தன் வேலிப் படலைக் கதவுக்குக் குறுக்கே நின்றார். முந்தானையை இடுப்பில் இழுத்துச் செருகியிருந்த விதத்தைப் பார்த்தால் கடற்படையே வந்தாலும் விலகமாட்டார் போலிருந்தது.

"ஒரு நிமிசம்," என்றார் நிரோஜினி. குரல் உயரவில்லை. "இந்த வருத்தம் உள்ளுக்குப் போனால் ரெண்டு மூண்டு நாளில வெளிய தெரியும். அஞ்சு வீட்டிலயும் ஒரு இரவுக்குள்ள தெரிஞ்சிருக்கு. ஒரு வீட்டிலயிருந்து மற்ற வீட்டுக்குப் பரவியிருந்தால் இடையில நாள் போயிருக்கும். அப்ப வெள்ளிக்கிழமை ஒரே காலையில ஆரோ அஞ்சு கூட்டிலயும் குடுத்திருக்கினம்."

"காகம்!" என்றார் முனாப்.

"காகம் ஜெஸ்மின் டீச்சரிட வளவை விட்டுப்போட்டுப் போகுமோ? வருத்தம் வந்த அஞ்சு வீடும் அண்டைக்குக் கோழி அறுத்த வீடு. கோழி இருந்தும் வருத்தம் வராத வீடு ஒண்டிலயும் அறுக்கேல்லை. அபூதாஹிர் அண்ணை, வெள்ளிக்கிழமை முதல் போன வீடு எது?"

அபூதாஹிர் கோப்பையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நின்றார். பித்தளைக் கோப்பை. "ஹாஜியார்ர வீடு. மூணு கோழி. பிறகு பரீதா வீடு, அதுக்குப் பிறகு மத்த நாலும்."

கூட்டத்தில் சலசலப்பு எழுந்தது.

"அந்த மூண்டும் எப்பிடி இருந்தது?"

"ஒண்டுக்கு மூஞ்சி ஊதியிருந்திச்சி. நுளம்பு கடிச்சதாம் எண்டு ஹாஜியார் சொன்னார். மூணுக்கும் இந்தக் கோப்பையிலதான் தண்ணி குடுத்தன். கத்திய மூணு தரம் கழுவினன், டொக்டர். அல்லாஹ் அறிய, கோப்பையக் கழுவ வேணும் எண்டு எனக்குத் தோணவே இல்ல."

"மூக்குத் தண்ணி கோப்பையில. கோப்பைத் தண்ணி சட்டியில. சட்டியில எல்லாக் கோழியும் வாய் வைக்கும். முதல் சட்டி பரீதாட சட்டி. அதுக்குத்தான் நோய்த் தண்ணி கூடுதலாய்ப் போயிருக்கு, அதுதான் முந்தித் தெரிஞ்சது." நிரோஜினி ஹாஜியாரின் பக்கம் திரும்பினார். "ஆறு மாசமாய்க் கோழி இல்லாத கூட்டுக்கு இந்தக் கிழமை ஏன் சுண்ணாம்பு அடிச்சனீங்கள்? பழைய சுண்ணாம்பு இப்பிடி அப்பாது."

முனாப் தன் சேட்டைத் திருப்பி எல்லோருக்கும் காட்டினார். இந்த வழக்கில் அவருடைய பங்கு அதுதான் என்றாலும், காட்டிய தோரணை பெரிது.

சோற்றில் பூசணிக்காயை மறைத்தவர் சாப்பிட்டுத்தானே ஆகவேண்டும்? ஹாஜியார் ஒவ்வொன்றாகச் சொல்லத் தொடங்கினார். புல்மோட்டைப் பக்கம் வாங்கிய கோழிகளாம். வந்த மூன்றாம் நாளே தும்மினவாம். சாகுமுன் அறுத்தால் ஹலாலாகப் போய்விடும், ஊருக்கும் தெரியவராது என்று நினைத்தாராம். பிறகு ஒழுங்கை முழுக்கப் பரவியதும், ஆளுக்கு முந்திப் பரீதாவைப் பார்த்து விரலை நீட்டிவிட்டார்.

சாக்குக்காரர்கள் சாக்கைச் சுருட்டினார்கள். யாரோ மண்ணெண்ணெய்க் கலனைக் காலால் பின்னுக்குத் தள்ளிவிட்டார்கள்.

"ஒண்டையும் எரிக்க வேண்டாம்," என்றார் நிரோஜினி. "தண்ணியில மருந்து கலந்து தாறன். வருத்தக்காரக் கோழியைத் தனியப் போடுங்கோ. ஆனால் சுகமான கோழியும் வருத்தத்தைச் சுமந்துகொண்டுதான் திரியும். இந்தக் கூடுகளிலயிருந்து ஒரு கோழி உயிரோட வெளிய போகக் கூடாது, புதுசு ஒண்டு உள்ளுக்கு வரவும் கூடாது."

அபூதாஹிர் கோப்பையைத் தரையில் வைத்தார். "இனி நான் இந்த வேலைக்கு வரமாட்டன்."

"ஏன் வரமாட்டீங்க?" பரீதா சீறினார். "நீங்க செஞ்சது இரக்கம். ஒளிச்சவருக்கு இல்லாத வெக்கம் உங்களுக்கு என்னத்துக்கு? இனி அந்தந்த வீட்டுச் சட்டியில அந்தந்த வீட்டுத் தண்ணி. அவ்வளவுதான்."

கூட்டம் கலையத் தொடங்கியது. ஹாஜியார் மெல்ல வேலியோரமாக வந்தார். முனாப் காதைத் தீட்டிக்கொண்டார்.

"பரீதா, உள்ளுக்கு வந்து ஒரு கதை கதைக்க வேணும். தப்பு நடந்து போச்சி. நாம ஒரே ஊர்..."

பரீதா படலையைத் திறக்கவில்லை.

"பழியை நடு ரோட்டுல நிண்டு சொன்னீங்க, ஹாஜியார். மன்னிப்ப மட்டும் குசினிக்குள்ள வந்து கேக்கப் போறீங்களோ? ரோட்டுல நிண்டு சொல்லுங்க. என்ட மூணு புள்ளையளுக்கும் கேக்க வேணும்."

போனவர்கள் நின்றார்கள். ஹாஜியார் தொப்பியைக் கழற்றினார், திரும்பவும் போட்டார். பிறகு ஒழுங்கையின் நடுவுக்கு நடந்து போய், தொண்டையைச் செருமிக்கொண்டு, முதல் சொல்லைச் சொன்னார்.

"இன்னும் சத்தமா," என்றார் பரீதா.