சுண்டுவிரல் நகம்

மதியம் மூன்று மணிக்கு யாரோ கதவைச் சுரண்டினார்கள்.

பெரின் திடுக்கிட்டு நிமிர்ந்தாள். இந்த ஊரில் கதவைத் தட்டுவார்கள், கோபம் வந்தால் எட்டி உதைப்பார்கள். காலையிலிருந்து காவல்காரர்கள் இரண்டையும் செய்து முடித்துவிட்டார்கள். சுண்டுவிரல் நகத்தால் மெல்லச் சுரண்டிவிட்டு, உள்ளிருந்து "வா" என்று உத்தரவு வரும்வரை காத்து நிற்கிற வழக்கம் அரண்மனையில் மட்டும்தான் உண்டு.

அந்த வழக்கம்தான் பெரினையும் அவள் எஜமானியையும் காட்டிக்கொடுத்தது. பாரிஸில் புரட்சி வெடித்த பிறகு அரச குடும்பத்தார் ஒவ்வொருவராக எல்லையை நோக்கி ஓடிக்கொண்டிருந்தார்கள். விதவையான இளவரசி வேலைக்காரி வேடத்தில், அவளுடைய பணிப்பெண் பெரின் துணி வியாபாரியின் மனைவி வேடத்தில். மூன்று வாரம் பாடம் படித்து என்ன பயன்? குதிரை மாற்ற இந்த விடுதியில் இறங்கியதும், கதவை முஷ்டியால் தட்ட வேண்டிய இளவரசி பழக்கதோஷத்தில் சுரண்டிவிட்டாள். விடுதிக்காரர் ஒரு காலத்தில் அரண்மனையில் விறகு சுமந்தவர். அந்தச் சத்தமே அவருக்குப் போதுமாக இருந்தது. கால்மணி நேரத்தில் மாதா கோயில் மணி அடித்து, ஊரே அரிவாளும் கையுமாகக் கூடி இருவரையும் விடுதி அறையொன்றில் அடைத்துவிட்டது.

ஒரே ஆறுதல் இளவரசியின் மகள் ஒதில். ஆறு வயது. சேர்ந்து போனால் சந்தேகம் வரும் என்று அவளைச் செவிலியோடு ஒரு வைக்கோல் வண்டியில் வேறு பாதையில் அனுப்பியிருந்தார்கள். ஆற்றைத் தாண்டினால் எல்லை. இந்நேரம் தாண்டியிருப்பாள். தாண்டியிருக்க வேண்டும்.

சர்க், சர்க். சற்று இடைவெளி. சர்க்.

பெரின் எண்ணினாள். இரண்டு, பிறகு ஒன்று. ஒதில் அப்படித்தான் சுரண்டுவாள். சத்தம் கதவின் கீழ்ப்பாதியிலிருந்து வந்தது.

இளவரசி நாற்காலியில் மரத்துப்போய் உட்கார்ந்திருந்தாள். பெரின் போய்க் கதவைத் திறந்தாள். காவல்காரன் கோலாஸ் மட்டும் படியில் உட்கார்ந்து வெங்காயம் கடித்துக்கொண்டிருந்தான்.

"இங்க யாராவது வந்தாங்களா?"

"யாரு வருவா? உங்க ராஜாவா?"

"கதவைச் சுரண்டுற சத்தம் கேட்டுதே."

"எலியா இருக்கும். உள்ள வர்றதுக்கு ராணிம்மாகிட்ட உத்தரவு கேக்குது போல." சிரித்தவன் அவள் முகத்தைப் பார்த்ததும் நிறுத்தினான். "அக்கா, உங்ககிட்ட சொல்லக் கூடாதுன்னாங்க. காலைல ஆத்துல ஒரு வைக்கோல் வண்டி கவுந்துடுச்சு. ஆயா கரையேறிட்டா. பாப்பாவ இன்னும் தேடுறாங்க."

பெரின் உள்ளே வந்து கதவைத் தாழிட்டாள். அழ வேண்டும் என்று நினைத்தாள், அழுகை வரவில்லை. சன்னல்கள் எல்லாம் ஆணி அடித்து மூடப்பட்டு, ஆனி மாத வெயிலில் அறை புழுங்கிக்கொண்டிருந்தபோதும், சேறும் பாசியும் ஊறிப்போன வைக்கோலும் கலந்த ஒரு குளிர்ந்த வாடை கதவின் அடியிலிருந்து கசிந்து அவள் கணுக்காலைத் தொட்டது.

சர்க், சர்க். சர்க்.

இம்முறை இளவரசிக்கும் கேட்டது. காலையிலிருந்து செத்துக் கிடந்த முகத்தில் உயிர் வந்தது.

"ஒதில் வந்துட்டா, பெரின்."

"அம்மா, வேணாம். அது ஒதில் இல்ல."

"குழந்த வெளிய நிக்குது பாரு. நாம சொல்லாம உள்ள வர மாட்டா. அப்படித்தானே வளத்திருக்கோம்."

"உங்க கால்ல விழுறேம்மா. வாய் திறக்காதீங்க."

சுரண்டல் நின்றது. காத்திருந்தது.

"வா கண்ணு," என்றாள் இளவரசி.

கதவு திறக்கவில்லை. தாழ்ப்பாள் அசையவில்லை. பெரின் குனிந்து பார்த்தாள். பலகைத் தரையில் ஈரம். ஒரு சின்னப் பாதம். இன்னொன்று. அவளைத் தாண்டி. நாற்காலியை நோக்கி.

இளவரசி சிரித்தபடி இரண்டு கைகளையும் விரித்தாள். அவள் மடியில் பாவாடைத் துணி மெல்ல அமுங்கியது. பிறகு நனையத் தொடங்கியது.