செயலாளர் வாங்கிய பூஜ்யங்கள்

தினமும் பகல் இரண்டு மணிக்கு அந்தக் குடியிருப்பின் செயலாளர் மைக்கைப் பிடிப்பார். மூன்று முறை இருமுவார்.

"குடியிருப்போர் கவனத்துக்கு. மாலை நான்கு மணிக்கு வழக்கம்போல் தண்ணீர் வரும். இப்படிக்கு, செயலாளர்."

முதல் இருமலிலேயே நாற்பது ஜன்னல்களும் படபடவென்று சாத்திக்கொள்ளும். மூன்றாம் மாடித் தொட்டிலில் அப்போதுதான் கண்ணயர்ந்த தம்பி வீறிட்டு எழுவான். அவனை மறுபடி தூங்கவைப்பதற்குள் அக்காவின் விளையாட்டு நேரம் போயே போய்விடும். அக்காவுக்குப் பத்து வயது. அங்கே எல்லோருக்கும் அவள் வாயாடி.

ஒரு நாள் வாயாடி நேராகச் செயலாளர் அறைக்கே போய்விட்டாள்.

"சார், வழக்கம்போல் வர்ற தண்ணிய எதுக்குச் சொல்றீங்க? வராத அன்னிக்குச் சொன்னாப் போதாதா?"

"நான் பேசாம இருந்தா, இங்க ஒரு செயலாளர் இருக்கார்னு எப்படித் தெரியும்?"

மறுநாளிலிருந்து, மைக் இருமுவதற்கு முன்னால் வாயாடி ஐந்து வீட்டுக் கதவைத் தட்டினாள். "இன்னிக்கு என்ன சொல்லுவார்?" ஐந்து பேரும் சரியாகச் சொல்லிவிட்டால் அன்றைய சேதியின் எடை பூஜ்யம். முன்னாடியே தெரிந்ததில் சேதி ஏது?

பத்து நாள் கழித்து அறிவிப்புப் பலகையில் ஒரு தாள் தொங்கியது. பத்துக் கட்டம், பத்துப் பூஜ்யம்.

செயலாளர் முகம் சிவந்தது. "கிழி அதை."

"மாட்டேன் சார். கணக்கு தப்புன்னா காட்டுங்க."

வாசலில் துணி தேய்ப்பவர் இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்துவிட்டு வேடிக்கை பார்த்தார். கூட்டம் சேர்ந்தது. செயலாளருக்கு மானப் பிரச்சினை.

"இன்னிக்கு நான் சொல்லப்போறதை எழுதிக் குடு. சரியா இருந்தா இனி மைக்கைத் தொட மாட்டேன். தப்புன்னா உன் கையாலயே கிழிக்கணும்."

"சரி சார்." மூன்று இருமலையும் சேர்த்து எழுதி, மடித்துத் துணி தேய்ப்பவரிடம் கொடுத்தாள்.

மணி இரண்டு. செயலாளர் இரண்டு முறை இருமி, மூன்றாவதை விழுங்கினார். புதிதாக என்ன சொல்வது? வியர்த்தது. கடைசியில், யாருக்கும் தெரியாமல் மூடி மறைக்க நினைத்தது வாயில் வந்துவிட்டது.

"மோட்டார் காலையிலயே எரிஞ்சு போச்சு. நாலு மணிக்குத் தண்ணி வராது. தொட்டியில மிச்சம் இருக்கிறதை இப்பவே பிடிச்சு வெச்சுக்குங்க."

நாற்பது ஜன்னல்களும் திறந்தன. மாடிப்படியெல்லாம் வாளிச் சத்தம்.

"தோத்துட்டியே," என்றார் செயலாளர்.

"தோத்துட்டேன் சார்." வாயாடி தாளில் பதினோராவதாக ஒரு கட்டம் போட்டு, அதில் நூறு என்று எழுதினாள். பிறகு சொன்ன வாக்குப்படி தாளைக் கிழித்தாள். பூஜ்யங்களைக் குப்பையில் போட்டுவிட்டு, நூறை மட்டும் அவரிடம் நீட்டினாள். "இன்னிக்குத்தான் சேதி சொல்லியிருக்கீங்க."

மறுநாள் இரண்டு மணி வந்தது, போனது. மைக் இருமவில்லை. தம்பி வாயைப் பிளந்துகொண்டு தூங்கினான்; அக்கா கீழே பந்தோடு ஓடிக்கொண்டிருந்தாள்.

மறுபடி பூஜ்யம் வாங்க மனமில்லாத செயலாளர், சட்டைப் பையில் நூறோடு, எங்காவது ஏதாவது வழக்கத்துக்கு மாறாக நடந்திருக்கிறதா என்று மாடி மாடியாக ஏறி இறங்கிக்கொண்டிருந்தார்.