நாலாவது லாக்

லாரி அந்தரத்தில் தொங்கியது. முழு லாரி இல்லை, பின்பக்கம் மட்டும்தான். ஆனாலும் உள்ளே உட்கார்ந்திருக்கிறவனுக்கு அந்தரம் அந்தரம்தானே...

கப்பலில் வந்த கன்டெய்னர்கள் லாரியிலிருந்து ரயிலுக்கு மாறுகிற யார்டு அது. லாரி கிரேனுக்கு அடியில் வந்து நின்றதும் டிரைவர் இறங்கி, கன்டெய்னரை லாரியோடு பிடித்திருக்கும் நாலு மூலை லாக்கையும் திறந்துவிட வேண்டும். அப்புறம்தான் கிரேன் தூக்கும். ஒரு லாக் மூடியிருந்தாலும் போச்சு, கன்டெய்னரோடு லாரியும் மேலே கிளம்பிவிடும். அன்றைக்குக் கிளம்பிவிட்டது.

மழை வேறு கொட்டு கொட்டென்று கொட்டியது. கனம் தெரிந்ததுமே கிரேன்காரி நிறுத்திவிட்டாள். உச்சியிலிருந்த கேபினின் காலடிக் கண்ணாடி வழியாகக் குனிந்து பார்த்தாள். லாரி ஜன்னலுக்கு வெளியே ஒரு முகம். மழைத்தண்ணீர் வழிய வழிய, இமைக்காமல் அவளையே பார்க்கிற ரெண்டு கண்கள்... பயந்த கண்கள்தான். பயந்தால் கூடவா கண் இவ்வளவு நன்றாக இருக்கும்?

கீழே இறக்கியதும் சண்டை. நாலையும் திறந்தேன் என்று டிரைவர் சாதித்தான். அப்போ லாரி வேடிக்கை பார்க்கவா மேலே வந்தது என்று இவள் கேட்டாள். தூக்கினதுதான் தூக்கினீங்க, உடனே இறக்காம ஏன் அவ்வளவு நேரம் தொங்கவிட்டீங்க என்று அவன் எகிறினான். அதற்கு மட்டும் அவள் பார்வையைத் திருப்பிக்கொண்டாள். மெதுவாகத்தான் இறக்கணும் என்று ஏதோ முணுமுணுத்தாள்.

மூலை லாக் ஒன்று வளைந்துபோய்க் கிடந்தது. அதைப் பார்த்து எது உண்மை என்று யாராலும் சொல்ல முடியவில்லை.

யார்டு மேனேஜர் அவளுடைய சொந்தத் தாய்மாமா. வினையே அங்கேதான். அந்த யார்டில் கிரேன் ஏறிய முதல் பெண் அவள்; பயிற்சிக் காலம் இன்னும் முடியவில்லை. பொம்பளைப் பிள்ளைக்கு இதெல்லாம் எதுக்கு, ஆபீஸில் ஒரு நாற்காலி போட்டுத் தருகிறேன் என்று ஆரம்பத்திலிருந்தே சொல்லிக்கொண்டிருந்தவர் மாமா. அம்மாவுக்கோ தம்பி சொன்னால் அதுதான் வேதவாக்கு. சண்டையைக் கேட்ட மாமா, நாளையிலிருந்து நீ ஆபீஸுக்கு வா என்று ஒரே வரியில் முடித்துவிட்டார். கெஞ்சிக் கூத்தாடி வாங்கிய இடம்...

ரெண்டு நாள் கழித்து டிரைவர் திரும்ப வந்தான். மேலே பார்த்தால் கேபினில் யாரோ ஒரு மீசைக்காரர். விசாரித்தான். விஷயம் தெரிந்ததும் லாரியை வரிசையிலேயே போட்டுவிட்டு, பின்னால் நின்றவர்கள் ஹாரன் அடிக்க அடிக்க நேரே ஆபீஸுக்குப் போனான். மூலையில் கம்ப்யூட்டர் முன்னால் அவள் உம்மென்று உட்கார்ந்திருந்தாள்.

"சார், தப்பு என்னோடது. மூணு லாக்தான் திறந்தேன்."

நாலாவதைத் திறக்க விடாமல் உன் கையை யார் பிடித்தது என்று மேனேஜர் கேட்டார்.

"நாலாவதுக்குப் போகும்போது மேல பார்த்தேன் சார். இவங்க ஜன்னல்ல எட்டி கண்ணாடி துடைச்சிட்டிருந்தாங்க. முகமெல்லாம் மழை... பார்த்துட்டே நின்னுட்டேன். அப்புறம் எல்லாம் திறந்தாச்சுன்னு நினைச்சு ஏறி உட்கார்ந்துட்டேன். இதை எல்லார் முன்னாடியும் எப்படி சார் சொல்றது?"

ஆபீஸே அவளைத் திரும்பிப் பார்த்தது. அவளுக்குக் காது வரைக்கும் சுட்டது.

மேனேஜர் முகம் கடுகடுவென்று ஆனது. ஒரு மாசத்துக்கு யார்டு பக்கமே தலைகாட்டக் கூடாது என்று அவனிடம் சொன்னார். பிறகு அக்கா மகள் பக்கம் திரும்பி, போ, போய் கிரேன்ல ஏறித் தொலை என்றார். மாமா முன்கோபிதான். ஆனால் நியாயம் என்று தெரிந்தால் மறுக்க மாட்டார்.

அவள் கிரேனுக்குப் போகவில்லை. லாரி வரிசைக்கு ஓடினாள். லாரியைக் கிளப்பப் போனவன் அவளைப் பார்த்ததும் இறங்கினான். தூறல் விழுந்துகொண்டிருந்தது. என்னால உங்களுக்கு ஒரு மாச வேலை போச்சே என்றாள். வேற ரூட் இருக்கு, சமாளிச்சுக்கலாம் என்றான். போகிறவளாகவும் தெரியவில்லை அவள்.

"நானும் ஒண்ணு சொல்லணும். மாமாகிட்ட சொல்லிடாதீங்க."

"சொல்லுங்க."

"அன்னைக்கு ஏன் உடனே இறக்கலன்னு கேட்டீங்கல்ல... இறக்கியிருக்கலாம். கை லீவர்லதான் இருந்துச்சு." அவள் தரையைப் பார்த்தாள். "நீங்க என்னையே பார்த்தீங்க. எனக்கு இறக்க மனசு வரல."