நான்கு விரல் அகலம்

எண்ணிக்கை பூஜ்யத்திலேயே நின்றது.

மாலை ஆறரைக்கு இருநூற்றுச் சொச்சம் வவ்வால்கள் வெளியே வந்திருக்க வேண்டும். நேற்று வந்தன. ஐந்து வருடமாக, அடைமழை நாள்களைத் தவிர, ஒரு மாலையும் தவறியதில்லை. நாலாம் மாடி பால்கனியில் பிளாஸ்டிக் நாற்காலியைப் போட்டு, இரண்டு கட்டடங்களும் ஒட்டும் இடத்தில் தரையிலிருந்து மொட்டைமாடிவரை ஓடும் பிளவையே அவள் பார்த்துக்கொண்டிருந்தாள். நான்கு விரல் அகலம்தான். இருட்டிக்கொண்டு வந்தது. ஒன்றுகூட வரவில்லை.

"என்ன வவ்வாலம்மா, உங்க சொந்தக்காரங்க யாரையும் இன்னைக்குக் காணோம்?" கீழ் பால்கனியிலிருந்து குடியிருப்போர் சங்கச் செயலாளர் தலையை நீட்டினார்.

"மருந்து கிருந்து ஏதாவது அடிச்சீங்களா சார்?"

"ஐயோ, சத்தியமா இல்லம்மா. உங்ககிட்ட யாரு வாங்கிக் கட்டிக்கிறது?"

அவர் பொய் சொல்கிற ஆள் இல்லை. போன வருடம் அந்தப் பிளவைச் சிமெண்டு வைத்து அடைக்க வேண்டும் என்று சங்கம் முடிவெடுத்தபோது, கூட்டத்தில் எழுந்து ஒற்றை ஆளாக மல்லுக்கட்டித் தடுத்தவள் இவள்தான். நகரத்து வவ்வால்களைக் கணக்கெடுப்பது அவள் வேலை. அதுங்களும் இந்தக் கட்டடத்தில்தானே குடியிருக்கின்றன என்று கேட்டாள். "வேலியில போற ஓணானை எடுத்து மடியில விட்டுக்கிற ஆளு நீ. மனுஷங்கதான் உனக்கு ஆகாது" என்று தங்கை போனில் பொரிந்து தள்ளியதும் அப்போதுதான். அதன் பிறகு பேச்சே இல்லை.

இன்று மதியம் செய்தி வந்திருந்தது. 'அக்கா, சாயங்காலம் வர்றேன். சாவி எங்கிட்ட இருக்கு. எதையும் சமைச்சுக்கிட்டு நிக்காத.' அதை முப்பது தடவையாவது படித்திருப்பாள். வீட்டைப் பெருக்கி, படுக்கைக்குப் புது விரிப்புப் போட்டு, இரண்டு தட்டுகளைக் கழுவி வைத்தாள். இரண்டாவது தட்டை எடுத்து எத்தனை மாதமாயிற்று என்று எண்ணிப் பார்த்தாள்.

உள்ளே கூடத்து மேசையில் டிடெக்டர் 'டிக்' என்றது.

வவ்வாலின் குரல் மனிதக் காதுக்கு எட்டாது. அதைப் பிடித்து இறக்கித் தரும் கையகலப் பெட்டி அது. பேச்சுத்துணை இல்லாத வீட்டில் ரேடியோ மாதிரி அதை எப்போதும் ஓடவிட்டிருப்பாள். ஞாயிற்றுக்கிழமைகளில் குடியிருப்புப் பிள்ளைகளுக்கு அதை வைத்து வேடிக்கை காட்டுவதுண்டு. சாவிக்கொத்தைக் குலுக்கினால் பெட்டி கொட்டுமழையாக இரையும். நாம் போடுகிற சத்தத்திலேயே வவ்வாலுக்குப் பெரிய சத்தம் அதுதான் என்பாள். இரை தேடும்போது டிக்... டிக்... என்று கூப்பிடும். ஏதாவது தட்டுப்பட்டால் டிக்டிக்டிக். நெருங்கியதும் டர்ர்ர். அப்புறம் சத்தமே இருக்காது.

"ஏன்க்கா?"

"வாய் நிறைய சாப்பாட்டை வச்சுக்கிட்டு எப்படிடா கத்துறது?"

பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரிப்பார்கள். சில அந்துப்பூச்சிகள் மட்டும் கெட்டிக்காரர்கள். சத்தம் கேட்டதும் இறக்கையை மடக்கித் தொப்பென்று தரையில் விழுந்து, செத்ததுபோல் கிடந்து தப்பித்துவிடும்.

டிக்.

எழுந்து உள்ளே போனாள். சன்னல்கள் சாத்தியிருந்தன. வீட்டுக்குள் வவ்வால் இல்லை. சார்ஜரும் குழல்விளக்கும்கூடப் பெட்டியில் சத்தம் கிளப்பும் என்பதால், வழக்கம்போல் ஒவ்வொன்றாக அணைத்துப் பார்த்தாள். கடைசியில் மெயின் சுவிட்சையே இறக்கினாள். வீடு இருண்டது. ஃப்ரிட்ஜின் முனகல் அடங்கி, எங்கோ தண்ணீர் சொட்டுவது கேட்டது.

டிக்... டிக்...

பெட்டியின் அலைவரிசைத் திருகைத் தொட்டாள். சின்ன உடம்புக்குக் கீச்சுக்குரல், பெரிய உடம்புக்குத் தாழ்ந்த குரல். இந்தக் கட்டடத்து வவ்வால்கள் கட்டைவிரல் அளவுதான். அவை பேசுவது நாற்பத்தைந்து கிலோஹெர்ட்ஸில். முப்பதுக்கு இறக்கினாள். சத்தம் இன்னும் தெளிந்தது. இருபது. இன்னும் தெளிவு. பதினைந்தில் திருகு முட்டி நின்றது. அதற்குக் கீழே எண் இல்லை.

அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்று தன்னையே திட்டிக்கொண்டு பெட்டியை அணைத்தாள்.

டிக்.

பெட்டி கையில் அணைந்து கிடந்தது. சத்தத்தைக் காதே கேட்டது. படுக்கையறையிலிருந்து வந்தது.

போன் வெளிச்சத்தை அடித்துக்கொண்டு அந்த அறையின் வாசல்படிவரை போனாள். பிளவின் சத்தத்தைப் பதிவுசெய்ய, பரணுக்குப் பின்னால் சுவரில் ஒரு கை நுழையும் ஓட்டையை இரண்டு மாதம் முன்பு அவளேதான் போட்டிருந்தாள். பழைய துண்டைச் சுருட்டி இறுக்கி அடைத்திருந்தாள். அந்தத் துண்டு இப்போது புது விரிப்பின்மேல் கிடந்தது. நனைந்திருந்தது. ஈரச் சிமெண்டு வாசனை, அதற்கடியில் பழகிய வவ்வால் எச்ச வாசனை, அதற்கும் அடியில் வேறு ஏதோ.

இருநூறும் எதற்காக ஓடின என்று அவளுக்குப் புரிந்தது.

போனை அணைத்தாள். ஓரடி பின்னால் வைத்தாள்.

டிக்டிக்.

நின்றாள்.

டிக்... டிக்...

இன்னோரடி. டிக்டிக்டிக். பரண்மேலிருந்து. இல்லை. கூரையிலிருந்து. கூடத்துக் கூரை. அவள் தலைக்கு மேலே.

விழுந்தாள். குப்புற. தரை சில்லென்றிருந்தது. கைகளை உடம்போடு ஒட்டிக்கொண்டாள். மூச்சை அடக்கினாள்.

பிடரியில் காற்று பட்டது. வெதுவெதுப்பாக. ஒருமுறை. இன்னொருமுறை.

டிக்.

வெகுநேரம் கழித்து, டிக். சற்றுத் தள்ளி. படுக்கையறையில். சுவருக்குள். நான்கு விரல் அகலத்துக்குள் எதுவோ தன்னை நுழைத்துக்கொண்டு இறங்கும் உரசல். கண்ணீர் வந்தது. பிழைத்தோம் என்று நினைத்தாள்.

கீழே இரும்புக் கேட் கிறீச்சிட்டது.

படியில் செருப்புச் சத்தம். கூடவே கலகலவென்று சாவிக்கொத்து. பள்ளிக்கூட நாளிலிருந்தே தங்கைக்கு அந்தப் பழக்கம். சாவி வளையத்தை விரலில் மாட்டிச் சுழற்றிக்கொண்டேதான் படியேறுவாள்.

"அக்கா! உன் வீடு மட்டும் ஏன் இருட்டா இருக்கு? கரண்டு பில்லு கட்டலையா?" சிரிப்பு. கோபமெல்லாம் போன குரல்.

ஒவ்வொரு மாடிப் படித்திருப்பத்திலும் அந்தப் பிளவு வாய் திறந்திருக்கும்.

டிக். படிக்கட்டில்.

ஓடு. ஒரே சொல். கத்தினால் போதும். கத்தினால் அது திரும்பும். இங்கே. அவளிடம்.

வாயைத் திறந்தாள்.

"அக்கா, கோவமா இன்னும்? நான்தான் வந்துட்டேன்ல." மூன்றாம் மாடி. கலகல.

டிக்டிக்.

கத்து.

டிக்டிக்டிக்டிக்.

"என்னக்கா சத்தம் அது?"

டர்ர்ர்.

சாவிக்கொத்து படியில் விழுந்தது. ஒரு படி உருண்டது. இன்னொரு படி. நின்றது.

அப்புறம் சத்தமே இல்லை. பிள்ளைகளிடம் அவள் சிரித்துக்கொண்டே சொல்லிக்கொடுத்த அதே அமைதி. கைகளை உடம்போடு ஒட்டிக்கொண்டு, அசையாமல், அவள் அதைக் கேட்டுக்கொண்டு கிடந்தாள். அவள் வாய் இன்னும் திறந்தே இருந்தது.