டப்பாவில் மிஞ்சிய முடிச்சு

2008, ஆவணி மாதத்தில் ஒரு சனிக்கிழமை. காலை 5.50.

சிதம்பரம் பேருந்து நிலையத்துக்குப் பின்தெருவில் மெஸ் நடத்தும் ரத்தினம்மாள், அரிசி டிரம்முக்குப் பின்னாலிருந்து பிஸ்கட் டப்பாவை எடுத்துத் திறந்தார். அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். மாணவர்கள் கட்டிய மாதக் காசு பன்னிரண்டாயிரம் காணவில்லை. திங்கட்கிழமை அரிசி மண்டிக்குக் கட்டாவிட்டால் மூட்டை வராது. மூட்டை வராவிட்டால் மெஸ்ஸுக்குப் பூட்டுதான்.

டப்பாவில் மிஞ்சியிருந்தது ஒரே ஒரு மஞ்சள் துணி முடிச்சு.

6.40. தலைமைக் காவலர் மலர்க்கொடி வந்து சேர்ந்தார். இந்த அம்மாளைப் பற்றி ஒன்று சொல்லிவிட வேண்டும். நான்கு வருடத்துக்கு முன் கடலூர் பேருந்து நிலையத்தில் ஒருவன் "பர்ஸ் போச்சு தாயே" என்று அழுதான். இருநூறு ரூபாய் கொடுத்தார். அடுத்த வாரம் அதே ஆள், அதே அழுகை, வேறு பர்ஸ்! அன்றோடு சரி. முன்பின் தெரியாதவருக்குப் பத்து பைசா தருவதில்லை. தருபவர்களைக் கண்டாலும் எரிச்சல்.

"யார் மேல சந்தேகம்?"

ரத்தினம்மாள் வாய் திறப்பதற்குள் அவருடைய அண்ணன் மகன் சபாபதி முந்திக்கொண்டான். மெஸ்ஸுக்குக் காய்கறி, கேஸ் எல்லாம் வாங்கிப்போடுபவன். போன மாதம் மஞ்சள் காமாலையில் படுத்து எழுந்தவன். கண்ணில் இன்னும் மஞ்சள் மிச்சமிருந்தது.

"நேத்து சாயங்காலம் ஒருத்தன் வந்தான் மேடம். பொண்டாட்டிக்கு ஊசி வாங்கணும்னு அழுதான். அத்தை அவன் கண்ணு முன்னாடியே டப்பாவத் தொறந்து ஐந்நூறு ரூபா எடுத்துக் குடுத்தாங்க. வேணாம்னு தலபாடா அடிச்சிக்கிட்டேன்!"

"ஊரு பேரு தெரியாதவனுக்கு ஐந்நூறா?" என்றார் மலர்க்கொடி. ரத்தினம்மாள் தலையைக் குனிந்துகொண்டார்.

"ராத்திரி படுக்கறப்ப காசு இருந்துச்சா?"

"இருந்துச்சும்மா. காலையில அஞ்சு மணிக்குப் பின்கட்டுல அம்மியில அரைச்சிக்கிட்டிருந்தேன். அப்பதான் போயிருக்கணும்."

"அப்ப வீட்ல யாரு?"

"சபாபதி தூங்கிக்கிட்டு இருந்தான். சவரிமேரி அப்பதான் வந்தா."

சவரிமேரி சமையல்காரி. சேசுவே சேசுவே என்று அடுப்படியில் முணுமுணுத்துக்கொண்டிருந்தார்.

மலர்க்கொடி டப்பாவைப் பார்த்தார். "இத மட்டும் ஏன் விட்டுட்டுப் போனான்? இதுல இன்னா?"

ரத்தினம்மாள் அவரைத் தனியே இழுத்துப்போய்க் காதோடு சொன்னார். "கொளஞ்சியப்பர் சாமிக்கு ஒத்த ரூபாயும் திருநீறும் வெச்சு முடிஞ்ச வேண்டுதல் காசும்மா. புதங்கிழமை முடிஞ்சேன். பலிக்கிற வரைக்கும் வெளிய சொல்லக்கூடாது, அதான் ஒருத்தர்கிட்டயும் சொல்லல."

"காணாமப் போன காசு?"

"அதுவும் இதே மாதிரிதான். கல்யாணத்துல குடுக்கிற மஞ்சப்பையக் கிழிச்சு வெச்சிருக்கேன். பால் காசு, கேஸ் காசு எல்லாம் அதுலதான் முடியறது."

மலர்க்கொடி முடிச்சைக் கையில் எடுத்துப் புரட்டிப் பார்த்தார்.

7.15. யாரும் எதிர்பாராதது நடந்தது. நேற்று காசு வாங்கிப்போன ஆளே வாசலில் வந்து நின்றான்.

"அம்மா, பாத்திரம் எதுனா இருந்தா தேய்ச்சுத் தரேன். பத்து மணிக்கு இன்னொரு ஊசி போடணும். நானூத்தி அறுவது ரூபா..."

சபாபதி பாய்ந்து சட்டையைப் பிடித்தான். "திருட்டுப் பயலே, இன்னா நடிப்புடா!"

"விடு. நான் கேக்கறேன்." மலர்க்கொடியின் புருவம் ஏறியது. "பேரு?"

"தங்கராசு. நெல்லிக்குப்பத்துல கரும்பு வெட்டறேம்மா."

"ராத்திரி எங்க இருந்த?"

"ஆஸ்பத்திரி வார்டு வாசல்ல."

"பாத்தது யாரு?"

"எல்லாரும் தூங்கிட்டாங்கம்மா."

மருந்துச் சீட்டை வாங்கிப் பார்த்தார். தேதி புதன்கிழமை.

"புதங்கிழமை சீட்டுக்கு வெள்ளிக்கிழமை காசு கேட்டிருக்க. இந்தக் கதைய எத்தினி எடத்துல சொன்ன?"

"பத்து எடத்துலம்மா. குடுத்தது இந்தம்மா ஒருத்தருதான்."

பையில் ஒரு ஊசிக்கான ரசீதும் நாற்பது ரூபாயும் இருந்தன. "மீதிய எவன்கிட்டயோ குடுத்து அனுப்பிட்டான் மேடம்" என்றான் சபாபதி. மலர்க்கொடிக்கும் அப்படித்தான் தோன்றியது, பொய் சொல்வானேன். ஆனால் திருடியவன் எதற்காகப் பாத்திரம் தேய்க்க வரவேண்டும்? அதுதான் உறுத்தியது.

8.05. மூவரையும் சாப்பாட்டு மேசைக்கு அழைத்தார். மஞ்சள் முடிச்சை நடுவில் வைத்தார். ரத்தினம்மாள் பதறினார்; மலர்க்கொடி கண்ணாலேயே அடக்கினார்.

"இத ஸ்டேஷனுக்கு எடுத்துக்கிட்டுப் போவணும். உள்ள எவ்ளோ இருக்குன்னு பிரிச்சுச் சொல்லுங்க. மேரி, நீ பிரி."

சவரிமேரி ஈரக்கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு முடிச்சை எடுத்தார். "நகமே இல்லியே..."

"சரி, வெய்யி. தங்கராசு, நீ."

அவன் பார்வை சுவர்க் கடிகாரத்தில் இருந்தது. பேசாமல் எடுத்துப் பல்லால் கடிக்கப் போனான்.

"போதும், வெய்யி. சபாபதி!"

சபாபதி சட்டென்று கையைப் பின்னால் கட்டிக்கொண்டான். "அய்யோ, சாமி காசு மேடம். அதுல நான் கை வெக்க மாட்டேன்."

மலர்க்கொடி அவன் பக்கம் திரும்பினார்.

"சாமி காசுன்னு உனக்கு யாரு சொன்னா?"

"அது... மஞ்சத் துணின்னா..."

"இந்த வீட்ல பால் காசும் மஞ்சத் துணி, கேஸ் காசும் மஞ்சத் துணி. போன பன்னெண்டாயிரமும் மஞ்சத் துணி. வெளியிலேர்ந்து பாத்தா எது எந்தக் காசுன்னு தெரியாது. உங்க அத்தை ஒருத்தர்கிட்டயும் வாயத் தொறக்கல. அப்ப எப்படித் தெரியும்? காலையில ரெண்டையும் பிரிச்ச. ஒண்ணுல நோட்டு. இன்னொண்ணுல திருநீறும் ஒத்த ரூபாயும். குலைநடுங்கித் திரும்ப முடிஞ்சு வெச்சிட்ட. அத்தை காசத் திருடறப்ப வராத பயம், சாமி காசப் பாத்ததும் வந்துடுச்சு!"

சபாபதியின் வண்டியைத் திறக்கச் சொன்னார். சைடு டப்பாவில், கிழிந்த மழைக்கோட்டுக்கு அடியில், பன்னிரண்டாயிரமும் இருந்தது. மூணு நம்பர் லாட்டரிச் சீட்டு ஆடிக் கடன் என்று அழுதான். "அந்தாளு வந்தது தோதாப் போச்சு. பழி அவன் மேல போவும்னு..."

8.40. தங்கராசு வாசலில் செருப்பைத் தேடினான். மலர்க்கொடி வழியை மறித்தார். பர்ஸிலிருந்து ஐந்நூறு ரூபாய் வெளியே வந்தது. புருவம் மட்டும் இறங்கவில்லை.

"அட்ரஸ எழுதிக் குடு. அடுத்த வாரம் நெல்லிக்குப்பம் வந்து விசாரிப்பேன். பொண்டாட்டி இல்லன்னு வெய்யி, உள்ள தள்ளிடுவேன்."

"வாங்கம்மா. அவளே காப்பி போட்டுத் தருவா" என்று எழுதிக் கொடுத்துவிட்டு ஆஸ்பத்திரிப் பக்கம் ஓடினான்.

ஜீப் வந்தது. சபாபதி ஏறப்போனபோது, "கொஞ்சம் இருங்கம்மா" என்று ரத்தினம்மாள் உள்ளே போனார். ஒரு டம்ளரோடு திரும்பினார். மோரில் கரைத்த கீழாநெல்லி. காலை ஐந்து மணிக்கு அவர் பின்கட்டில் அரைத்துக்கொண்டிருந்தது அதைத்தான்.

"புளிச்சுப் போறதுக்குள்ள குடிச்சிட்டுப் போ. உன் காமாலை எறங்கணும்னுதான்டா அந்தச் சாமி காசையும் முடிஞ்சு வெச்சேன்."

சபாபதி டம்ளரை வாங்கினான். அவனால் அதை வாய்வரைக்கும் தூக்க முடியவில்லை.