ரெஜினாவின் நூற்று அறுபது வாட்

ஏழு மாதக் கர்ப்பிணியான ரெஜினா பெருங்குடி கோபுரத்தின் பன்னிரண்டாம் தளத்தை விட்டு வெளியேற வேண்டும் என்று வெப்பக்கணி சொல்லிவிட்டது. ஓர் ஊழியரின் உடம்பிலிருந்து நூற்று முப்பது வாட் வெப்பம் வரலாம். அவள் நூற்று அறுபது வாட் கக்குகிறாளாம். கக்குகிறாள் என்றே அறிவிப்பில் எழுதியிருந்தது. ஒரு தாய் வயிற்றில் பிறந்தவன் எழுதுகிற எழுத்தா இது?

கட்டடங்களின் குளிரூட்டிகள் உள்ளே இருந்த சூட்டை அள்ளித் தெருவில் கொட்ட, தெருவில் போனவர்கள் சுருண்டு விழத் தொடங்கிய பிறகு வந்தது வெப்பப்பங்கு. ஒரு தளம் இவ்வளவு சூட்டைத்தான் வெளியே விடலாம். எது எவ்வளவு சூடு தருகிறது, எதை அகற்றுவது என்று முடிவு செய்வது வெப்பக்கணி என்ற கணிப்பொறி.

அந்தத் தளத்தின் குளிரூட்டுப் பொறியாளர் பூங்கோதை அறிவிப்பை இரண்டு முறை படித்தாள். இந்த அளக்கிற வழக்கத்தைத் தொடங்கி வைத்தவளே அவள்தான். முன்பெல்லாம் கருவியின் முதுகில் ஒட்டியிருக்கும் பட்டையைப் பார்த்தே வெப்பக் கணக்குப் போடுவார்கள். அச்சுப்பொறிப் பட்டையில் தொள்ளாயிரம் வாட் என்றிருக்கும். அளந்தால் சராசரி நூற்றைம்பதைத் தாண்டாது. இந்தச் சோம்பேறிக் கணக்கை நம்பி ஊரெல்லாம் ராட்சதக் குளிரூட்டிகளை மாட்டினார்கள். பட்டையை நம்பாதீர்கள், அளந்து பாருங்கள் என்று பத்து வருடம் தொண்டை கிழியக் கத்தினாள். ஒருவழியாகக் கேட்டார்கள். கருவிகளை அளந்தார்கள். பிறகு நாற்காலியில் உட்கார்ந்திருந்தவர்களையும் அளந்தார்கள்.

இன்று வெளியே போனால் ரெஜினாவின் வேலை போகும், பேறுகால விடுப்பும் சேர்ந்து போகும். பூங்கோதை மேலாளர் தியோடரிடம் போய் நின்றாள். அவர் முகத்தில் இரக்கம் இருந்தது. அதைத் தவிர வேறொன்றும் இல்லை.

"நீங்க கேட்டதுதானே மேடம்? அளந்து பாத்தாச்சு."

"அந்தப் பொண்ணு மெஷின் இல்ல சார்."

"கணிக்கு அந்த வித்தியாசமெல்லாம் தெரியாது."

தன் முதுகு தனக்குத் தெரியாது என்பார்கள். கருவிப் பட்டியலை மேலிருந்து கீழ்வரை படித்தபோதுதான் அவளுக்கு உறைத்தது: அதில் வெப்பக்கணியே இல்லை. மூலையில் தனிக் கண்ணாடி அறை, உள்ளே தளத்திலேயே நல்ல குளிர், நடுவில் மகாராஜாவாக அந்தப் பெட்டி. விற்றவர்கள் சேர்க்கவில்லை, வாங்கியவர்கள் கேட்கவில்லை. கையடக்க வாட்மானியை எடுத்துப் போய் அளந்தாள். ஆயிரத்து நாற்பது வாட். எட்டு ஆட்களின் சூடு.

ஆத்திரத்தோடு அந்த எண்ணைப் பட்டியலில் ஏற்றினாள். இனி இதை நிறுத்தியாக வேண்டும், ரெஜினாவின் முப்பது வாட் ஒரு பொருட்டே இல்லை என்று நினைத்தாள். தளமே எழுந்து நின்று வேடிக்கை பார்த்தது.

வெப்பக்கணி அரை நிமிடம் யோசித்தது. திரையில் அறிவிப்பு வந்தது. கணிப்புக் கருவி இன்றியமையாதது, அகற்ற இயலாது. ஆகவே எட்டு ஊழியர்கள் உடனே வெளியேற வேண்டும். சூடு அதிகம் உள்ளவர்கள் முதலில்.

ரெஜினா இரண்டாவதாக இருந்தாள். முதல் பெயர் பூங்கோதை, இருநூற்றுப் பத்து வாட்.

"இது அநியாயம்," என்றாள் பூங்கோதை. இருநூற்றுப் பதினெட்டு என்று எண் மாறியது.

சுற்றிலும் பார்த்தாள், யாராவது சேர்ந்துகொள்வார்கள் என்று. கோபப்பட்டால் எண் ஏறும் என்பது இப்போது எல்லோருக்கும் தெரிந்துவிட்டது. நின்றிருந்தவர்கள் ஒவ்வொருவராக உட்கார்ந்து, கண்களை மூடி, மெதுவாக மூச்சு விடத் தொடங்கினார்கள்.